சாட்டையும் சுருள்வாளும்: குமரி மாவட்டத்தில் வளையும் ஆயுதங்களின் வரலாறு

1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றால் என்ன என்று வரையறுத்த கையோடு சில விலக்குகளையும் தருகிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே ஆன பொருள்கள் ஆயுதம் ஆகா. தடியையும் ஊன்றுகோலையும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. கூர்விளிம்பு உள்ளவை வரையறைக்குள் வந்துவிடும். பின்னர் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத் தனி வகையில் வைத்தன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். குமரி மாவட்டத்துச் சிலம்பக் களரிகளில் கையாளப்படும் கருவிகளை இந்த வரையறைக்கு எதிரே வைத்துப் பார்த்தால், கம்பு தப்பிவிடும், உழவன் கையில் இருந்து வந்த சாட்டையும் தப்பிவிடும், சுருள்வாள் தப்பாது.

சாட்டை, சுருள்வாள் என்னும் இவ்விரு வளையும் ஆயுதங்களும் நாஞ்சில் நாட்டிலும் அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் போர்க்கருவி என்ற நிலையிலிருந்து பொழுதுபோக்காகவும் மேடைக் காட்சியாகவும் மாறிய வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசான்களின் மறைப்பும் சீடர்களின் ஆர்வக் குறைவுமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆயுதம் பறித்த ஆணைகளும் 1956இன் மாநில எல்லைக் கோடும் அதைவிடப் பெரிய பங்கு வகித்தன என்பது என் முடிபு.

குமரியின் போர்க்கலைக்கு அடிமுறை என்று பெயர். அதன் மருத்துவப் பக்கம் வர்மம். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக உடம்பில் 108 இடங்கள் என்பது ஆசான்களின் கணக்கு. கலையின் முதல் ஆசான் அகத்தியர் என்பது மரபு. வடகேரளக் களரியோ பரசுராமரைச் சொல்லும். வடக்கே நிலத்தைத் தோண்டிக் கூரை வேய்ந்த குழிக்களரி. தெற்கே திறந்தவெளியிலோ ஓலை மறைப்புக்குள்ளோ பயிற்சி. 1998இல் களரிப்பயிற்று பற்றிப் பெருநூல் எழுதிய பிலிப் சாரில்லி இந்த வேறுபாட்டைக் கவனித்துப் பதிவு செய்தவர். பயிற்சி வெறுங்கைச் சுவடுகளில், அதாவது அடிவைப்பு வரிசைகளில், தொடங்கும். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு முடிந்தபின் குறுவடி, நெடுவடி என்ற கம்புகளுக்கு நீளும். வளையும் அலகு கடைசியில்தான் கைக்கு வரும். அதற்கு முன் துணியையோ கயிற்றையோ வீசிப் பழகுவது வழக்கம். காரணம் எளிது. கம்பு தவறினால் எதிரே நிற்பவனுக்கு அடி; சுருள்வாள் தவறினால் வீசுபவனுக்கே வெட்டு.

சுருள்வாள் பொதுவாக 4 முதல் 5½ அடி நீளமும் முக்கால் முதல் ஓர் அங்குல அகலமும் உள்ள மெல்லிய எஃகுப் பட்டை. இடுப்பில் கச்சைபோலச் சுற்றிக்கொள்ளலாம். அதை வீசத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. தலைக்கு மேலும் இருபுறமும் எட்டு வடிவில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் தளர்ந்தால் அலகு மடங்கி உடம்பில் விழும். ஆகவே பக்கத்தில் தோழன் நிற்கும் இடத்தில் அது பயன்படாது. பலர் சூழ்ந்த தனியாளுக்கான ஆயுதம் அது. அணிவகுத்த படைக்கு ஆகாதது.

இந்த ஒரு செய்தியே 18ஆம் நூற்றாண்டில் நடந்ததைப் பெருமளவு விளக்கிவிடும். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனோய் பின்னர் மன்னரிடமே சேவைக்கு வந்து, உதயகிரிக் கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்தார். தோளோடு தோள் ஒட்டி நின்று துப்பாக்கி சுடும் வரிசையில் எட்டு வடிவில் எஃகுப் பட்டை வீசுகிறவனுக்கு இடம் ஏது? வெள்ளையர் ஆயுதம் பறிப்பதற்கு முன்பே, சொந்த மன்னரின் படைச் சீர்திருத்தத்திலேயே வளையும் ஆயுதம் போர்க்களத்தை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று கருத இடமுண்டு. களரியின் வீழ்ச்சியை முழுக்க ஆங்கிலேயக் கும்பினியின் தலையில் ஏற்றுவது நமக்குப் பிடித்த கதை. அது பாதிக் கதைதான்.

மறுபாதி 1801இலும் 1809இலும் நடந்தது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801இல் திருநெல்வேலிச் சீமையில் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. ஆரல்வாய்மொழிக்கு இப்பால் இருந்த திருவிதாங்கூருக்கு அந்த ஆணை அப்போது எட்டவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அதன் முறையும் வந்தது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் அறிக்கை விட்டு மக்களைப் போருக்கு அழைத்தார். பிப்ரவரியில் கும்பினிப்படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றி நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கியது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றி வீழ்ந்தன. தளவாய் மண்ணடியில் உயிர்விட்டார். திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படைக்கு ஆள் பயிற்றும் வேலை இல்லாமல் போன ஆசான்களிடம் எஞ்சியது வைத்தியமும் கம்பும்தான்.

இனிச் சாட்டை. அதன் கதை களரிக்கு வெளியே நெடுந்தூரம் ஓடுகிறது. சாஸ்தாவின் கையில் இருக்கும் செண்டு, சாட்டைக்கு உறவான, வளைந்த நுனியுள்ள கோல். மன்னார்குடி இராசகோபாலர் கையிலும் மாடு மேய்க்கும் செண்டு உண்டு. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும் குமரி, நெல்லை மக்களுக்கு அது பழகிய உருவம். வயலில் உழவன் கையில் சாட்டை. தெருவில், மாரியம்மன் பெட்டியைத் தலையில் சுமக்கும் பெண்ணின் பின்னே உடம்பில் அடித்துக்கொண்டு வரும் சாட்டையடிக்காரன். தண்டனைக் கருவியாகவும் அது இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1864இல் சவுக்கடித் தண்டனைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியா அத்தண்டனையை 1955இல்தான் ஒழித்தது. திருவிதாங்கூரில் அடிமை முறையே 1855இல்தான் அரசாணையால் முடிவுக்கு வந்தது. இத்தனை நினைவுகளைச் சுமந்த கருவி விளையாட்டுப் பொருளாக எளிதில் மாறாது. பம்பரம் சுற்றும் பையன்கள் மட்டும் எந்தச் சுமையும் இல்லாமல் அந்தக் கயிற்றைச் சாட்டை என்று சொல்லிக்கொண்டு விளையாடினார்கள்.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கையில் கண்டி எசல பெரஹெராவின் முன்னணியில் சாட்டை சொடுக்குகிறவர்கள் நடப்பார்கள். ஊர்வலம் வருகிறது என்று அறிவிக்கும் மரியாதை ஒலி அது. நம் கோயில் திருவிழாக்களில் அந்த வேலையை வேட்டும் முரசும் எடுத்துக்கொண்டன.

சாட்டை ஏன் வெடிக்கிறது, சுருள்வாள் ஏன் வெடிப்பதில்லை என்பதையும் இங்கே பார்த்துவிட வேண்டும். கலையாக இரண்டும் பிரிந்த இடம் அது. சாட்டை கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். கை சொடுக்கும்போது ஒரு வளையம் உண்டாகி நுனியை நோக்கி ஓடுகிறது. முன்னே போகப்போக நிறை குறைவதால் வேகம் கூடுகிறது. 1958இல் அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் வந்த ஆய்வு, நுனி ஒலியின் வேகத்தை மீறுவதைப் படம் பிடித்துக் காட்டியது. 2002இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கோரியலியும் மக்மில்லனும் கணித வழியில் இன்னும் நுணுக்கமாகச் சொன்னார்கள்: ஓடும் வளையம் ஒலிவேகத்தை எட்டும்போது வெடி பிறக்கிறது, அப்போது நுனி அதைப்போல் இருமடங்கு வேகத்தில் போகிறது. காதில் விழுவது தோல் தோலில் மோதும் சத்தம் அன்று, அதிர்ச்சி அலை. சுருள்வாளோ முழு நீளத்துக்கும் ஒரே அகலம் கொண்டது. அதில் வேகம் இப்படிப் பெருகாது. காற்றை அறுக்கும் சீறல் மட்டுமே எழும். சாட்டைக்காரனின் திறமை ஒரு கணத்தில் முடிகிறது, சுருள்வாள்காரனின் திறமை முடியாமல் ஓடிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. மேடைக்கு இரண்டாவது பொருந்தியது. பின்னால் வந்த சிலம்பப் போட்டிகளில் சுருள்வாள் வீச்சு தனிப் பிரிவாக வளர, சாட்டை பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. மொழிவழியில் அது நியாயமான முடிவு. அடிமுறைக்கு மட்டும் அதில் ஓர் இழப்பு இருந்தது. 1958இல் கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் தொடங்கி, அம்மாநில விளையாட்டுக் குழுவில் உறுப்புப் பெற்றது. வடக்கன், தெற்கன் என்று இரு முறைகளும் அங்கே ஏற்கப்பட்டன. பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆசான் செய்வது தெற்கன் களரி; அதற்கு அமைப்பும் விதிநூலும் போட்டியும் கிடைத்தன. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அதே சுவடுகளை வைக்கும் ஆசானுக்கு அந்தக் கூரை இல்லை. தமிழகத்தில் அவர் நுழையக் கிடைத்த ஒரே வாசல் சிலம்பம். சிலம்பமோ அடிப்படையில் கம்புக் கலை. வாள், மான்கொம்பு, சுருள்வாள், சவுக்கு எல்லாம் அதன் துணை ஆயுத வரிசையில் இருந்தாலும் கம்புக்கே முதலிடம். குமரியின் வளையும் ஆயுதங்கள் அந்த வரிசையின் வாலில் இடம் பிடித்தன.

வர்மத்துக்கு இப்படி நேரவில்லை. அதை வைத்தியசாலை காத்தது. 2015இல் வெளிவந்த ரோமன் சீலரின் நூல் குமரி மாவட்ட ஆசான்களிடம் களப்பணி செய்து எழுதப்பட்டது. அடிக்கவும் ஆற்றவும் தெரிந்த ஒரே ஆளாக ஆசான் எப்படி இயங்குகிறார் என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. 1996இன் ‘இந்தியன்’ திரைப்படம் வர்மத்தைத் தமிழகம் எங்கும் பேச வைத்தது. 2020 பொங்கலுக்கு வந்த ‘பட்டாஸ்’ அடிமுறையின் பெயரைப் பரப்பியது. சினிமா வந்தபின் கற்க வருகிறவர்களின் முகம் மாறியது. இப்போது களரிக்கு வருவோரில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பெண் குழந்தைகளும் நிறைய. அவர்களுக்கு இது உடற்பயிற்சி, சான்றிதழ், மேடை. அதில் குறை காண நான் தயாராக இல்லை. போருக்கென்று பிறந்த கலை பொழுதுபோக்காக இளைத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், போர் வேண்டும் என்றா சொல்கிறார்கள்?

பிற நாடுகளில் சாட்டை வேறு பாதையில் போயிற்று. ஆஸ்திரேலியாவில் மாடு ஓட்டிகளின் சாட்டை, வேலை குறையக் குறையப் பொழுதுபோக்காகவும் போட்டியாகவும் மாறியது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழா, குதிரைமேல் தனியாக வந்த ஒருவர் சாட்டை சொடுக்கியதும்தான் ஆரம்பித்தது. பவேரியாவின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய சால்ஸ்பர்க் நாட்டுப்புறத்திலும் குளிர்காலத்தில் 9 பேர் கொண்ட குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றுச் சாட்டை சொடுக்கிப் போட்டியிடுகின்றன. ஊர்ச் சங்கங்கள் அதை நடத்துகின்றன. குமரியிலும் டிராக்டர் வந்து ஏர்மாடு போயிற்று. சாட்டைக்கு இருந்த வேலையும் போயிற்று. ஆனால் உழவன் கைச் சாட்டையைச் சுற்றி இங்கே அப்படி ஒரு ரசிகர் கூட்டம் திரளவில்லை. முன்னே சொன்ன தண்டனை நினைவு ஒரு தடை. வளையும் ஆயுதத்தின்மேல் ஆசை கொண்டவர்களுக்குச் சுருள்வாள் முன்பே இருந்தது இன்னொன்று.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பு ஒன்றில் களரிப்பயிற்று ஏற்கெனவே இடம் பெற்றுவிட்டது. தேசிய அரங்கில் போட்டி விதிகள் எழுதப்படும்போது வரிசைகள் ஒரே அச்சுக்கு வருவது இயல்பு. அப்படி வரும்போது குமரிக்கே உரிய சுருள்வாள் வரிசைகளும், இன்னும் சில ஆசான்கள் சொல்லித்தரும் சாட்டை வீச்சும்தான் முதலில் உதிரும். சாரில்லியின் நூலும் சீலரின் நூலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முன்னதன் கவனம் பெரும்பாலும் வடக்கன் களரியில், பின்னதன் கவனம் மருத்துவத்தில். வளையும் ஆயுதங்களுக்கென்று தமிழில் ஒரு முறையான களப்பதிவு வேண்டும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமோ, நாகர்கோவிலின் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி மாணவர்களோ இதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆசானிடமும் வரிசையின் பெயர், அடி வைப்பு, கைச்சுழற்சி, அலகின் நீளம், செய்த கொல்லரின் ஊர் ஆகிய ஐந்தையும் கேட்டு, மெதுவாகவும் வேகமாகவும் படம்பிடித்து வைத்தால் போதும். மூத்த ஆசான்கள் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.