தொழில் நகரின் அடியில் துயில்வோர்

ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் பங்கு கடந்து வந்த ஆண்டுகளை நன்றியோடு எண்ணிப் பார்க்கிறோம். அத்துடன் நாம் குடியிருக்கும் மண்ணின் வயதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

தனித்தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கிய நம் நகர், சென்னையின் நெருக்கடியைக் குறைக்கத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட துணை நகராகும். ஆயினும் இம்மண் புதியதன்று. பரங்கிமலைக்கு அடுத்த பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று. 2022-இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோதும் கற்கருவிகள் வெளிப்பட்டன.

செங்கற்பட்டு வட்டாரமெங்கும் பெருங்கற்கால மக்களின் கல்வட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. மக்கள் இவற்றைப் 'பாண்டவர் குழி' என்பர். உண்மையில் இவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்லறைகள். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950-களின் தொடக்கத்தில் இவை அகழ்ந்து ஆராயப்பட்டன. இறந்தோரைச் சுடுமண் பேழையில் கிடத்தி, உணவுக் கலங்களும் இரும்புக் கருவிகளும் உடன் வைத்துப் புதைத்தனர். நற்செய்தியை அறியாத காலத்திலும், சாவு முடிவன்று என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது போலும்! நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றும் நமக்கு இது விளங்காததன்று.

இன்று இக்கல்வட்டங்கள் கல் குவாரிகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் இடையே மறைந்து வருகின்றன. செங்கற்பட்டுக் கோட்டையையே ஊடறுத்து இரயில் பாதை செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தொழிற்சாலைகளை நாம் பழிக்கவில்லை. நம்மில் பலருக்குச் சோறிட்டவை அவையே. ஆனால் இங்கிருந்த பெரிய மோட்டார் வாகனத் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆலையும் நிலையானதன்று என்பதை நாம் உணர்ந்தோம். ஆலையை மீண்டும் கட்டலாம். கலைத்துவிட்ட கல்லறையை மீண்டும் அமைக்க முடியுமோ?

போரில் தப்பிய பழம்பெரும் கட்டடங்களைப் புதிய சாலைகளும் மாளிகைகளும் விழுங்குவதைக் கண்டு, ஐரோப்பிய நாடுகள் 1975-ஆம் ஆண்டைக் கட்டடப் பாரம்பரிய ஆண்டாகக் கொண்டாடின. நம் நாட்டிலும் 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். பட்டியலில் சேராத கல்வட்டங்களுக்கோ இக்காவல் இல்லை. அவற்றுக்கு ஊர் மக்களே காவல்.

திருச்சபையும் இக்கடமையை நமக்கு உணர்த்துகிறது. மதிப்புள்ள திருப்பொருட்களும் கலைப்படைப்புகளும் கைமாறாமலும் அழியாமலும் ஆயர்கள் காக்கவேண்டுமென 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. 1516-இல் எழுந்த மயிலை லஸ் ஆலயத்தைக் 'காட்டுக் கோயில்' என்பர். காடு போய்விட்டது, கோயில் நிற்கிறது. காத்தவர் இருந்தமையாலன்றோ!

எனவே, அஸ்திவாரம் தோண்டுகையில் தாழியோ பேழையோ தென்பட்டால் வேலையை நிறுத்தி, தாசில்தாருக்குத் தெரிவிப்போம். நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் நிழற்படங்களையும் கறையானுக்கு விடாது பேணுவோம். முன்னோரின் கல்லறையை மதிக்கும் பங்கையே பின்னோரும் மதிப்பர். இறைவன் நமக்குத் துணை நிற்பாராக!