விற்பதா, வைத்திருப்பதா?

1869இல் இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியைத் தாக்கியது; 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைத் துரைமாருக்குக் கடன்தான் கழுத்தை நெரித்தது என்பார்கள். கையில் காசில்லாதவர் வேறென்ன செய்வார்? அது நியாயமே. ஆனால் நோய் கோப்பிச் செடிக்குத்தான் வந்தது, மலைக்கும் மழைக்கும் அல்ல. தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டுக் காட்டியிருந்தார். 1885இல் மலைநாட்டு நானுஓயாவுக்கு ரயில் வந்தது. பாரத்தைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கும் வழி திறந்தது. தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள் வைத்திருந்ததும், 1890இல் தேயிலை வியாபாரி லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கியதும் சரியான கணக்கு என்றே கருதுகிறேன். அந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழையும் உண்டு: ஆள்கட்டும் கங்காணியிடம் பட்ட கடனும், அதைக் குறித்த துண்டுச்சீட்டுமாகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர்களிடம், விற்கும்போதோ வாங்கும்போதோ எதைக் கேட்டார்கள்?