யார் பெயரில் எண்? தாராவித் தமிழரும் மின்வழிப் பணமும்

மும்பையில் மித்தி ஆற்றின் ஒரு பக்கம் பாந்த்ரா–குர்லா வளாகம். தேசியப் பங்குச் சந்தையும், ரிசர்வ் வங்கியின் ஓர் அலுவலகமும், மின்வழிப் பணமுறையான யூபிஐயை நடத்தும் என்பிசிஐயும் அங்கேதான் இடம் பிடித்தன. ஆற்றின் மறுபக்கம் தாராவி. 2016 ஏப்ரல் 11இல் அறிமுகமான யூபிஐ அந்த ஆற்றைக் கடக்க அதிக காலம் பிடிக்கவில்லை. இன்று 90 அடிச் சாலையில் பூ விற்பவரிடமும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அட்டையைக் காட்டி, சேவை ஏழையை எட்டிவிட்டது என்கிறார்கள் சிலர். எழுத்தறிவும் ஸ்மார்ட்போனும் இல்லாதவரை அது எட்டவில்லை என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் கருவியையே பார்க்கின்றன. அந்தக் கருவி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் சேவை யாருக்குக் கிட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாராவியின் இட்லித் தொழிலை எடுத்துக்கொள்வோம். தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல இதில் இருக்கின்றன. அரிசி உளுந்து ஊறவைப்பது, ஆட்டுவது, விடியுமுன் அவிப்பது, சட்னி சாம்பார் கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆண்கள் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் போய் விற்றுவருவார்கள். பாத்திரத்தின் மேலேயோ ஹேண்டில்பாரிலோ தொங்கும் அட்டையில் இருப்பது கணவரின் எண் அல்லது மகனின் எண். சில்லறையும் நோட்டுமாக வந்த காலத்தில் பணம் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து மாவாட்டிய பெண்ணின் கையில் சேர்ந்தது. மாவு மில்லுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தது அவள். இப்போது பணம் கணக்கிலேயே தங்கிவிடுகிறது; அவள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மகன் ஜிபேயில் அன்றன்றைக்கே அம்மாவுக்கு அனுப்பிவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் கணக்கறிக்கையில் தொழில் செய்பவராக நிற்பவர் ஒருவர்தான், அது அவள் இல்லை.

இது தாராவியோடு முடிகிற சங்கதியும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டது. தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கிறது என்றவர்கள் 78.6 சதவீதம். தாமே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறது என்றவர்கள் 54 சதவீதம். 2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய ஜன் தன் வங்கிக் கணக்குத் திட்டத்துக்கு முதல் எண்ணில் பெரும்பங்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஏறக்குறைய 25 புள்ளிகள்தான் நம் பிரச்சினை. அந்தப் பெண்களுக்குக் கணக்கு உண்டு. அவர்களில் பலருக்குக் கணக்கைத் திறக்கும் ஓடிபி வேறொருவர் பையில் மணியடிக்கிறது.

எழுத்தறிவின்மையே தடை என்ற வாதத்துக்கு மும்பையே பதில் சொல்லியிருக்கிறது. 1980களில் பைகுல்லா நடைபாதைப் பெண்களைக் கொண்டு உருவான மகிளா மிலன் அமைப்பில், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத் தாள். பையிலுள்ள தாள்களைப் பார்த்தாலே சேமிப்பு எவ்வளவென்று தெரியும். படிக்கத் தெரியாதவர் கணக்கு வைக்க அது போதுமாயிருந்தது. இன்று கடையில் வரவுத் தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸும் அதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது.

நிறத் தாளுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது: தினமும் வாசலுக்கு வந்து வசூலித்த, பெயர் தெரிந்த ஒரு பெண். ஏழைகளுக்குக் கிடைத்த நிதிச் சேவை பெரும்பாலும் இப்படித் தெரிந்தவர் பிணையில் நின்றதுதான். 1975இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல், ஆலைத் தொழிலாளருக்குச் சாப்பாடு போட்ட பெண்களை ஒருவருக்கொருவர் பிணையாக்கி வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்த இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கும் வேர் சாதிச் சங்க நம்பிக்கையில்தான். இந்த வகைப் பிணையின் குறை வெளிப்படை: உறவு வட்டத்துக்கு வெளியே நின்றவருக்குக் கதவில்லை. தாராவியின் ஏலச்சீட்டும் அப்படித்தான். பதிவில்லாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் புறம்பானது, பிடிப்பவர் ஓடிவிட்டால் போனது போனதுதான். ஆனாலும் அது கேட்பது ஒரே கேள்வி: இவள் தவணை தவறுவாளா? அக்கம்பக்கத்தாருக்கு விடை தெரியும்.

மின்வழி நிதி அந்தப் பிணையை மனிதரிடமிருந்து எடுத்து எண்ணிடமும் முகவரியிடமும் ஒப்படைத்தது. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. கடன் என்று வரும்போதுதான் பிளவு தெரிகிறது. இன்று கடன் தருபவர்கள் கணக்கில் பணம் வந்துபோன தடத்தைப் பார்க்கிறார்கள். இட்லியின் தடம் மகன் பெயரில் சேர்ந்தால், இருபது வருடம் மாவாட்டியவளுக்குத் தடமே இல்லை. அவளைத் தேடி வந்தவை கடன் செயலிகள். அவற்றில் பல, கைபேசியிலிருந்த தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கின. அக்கம்பக்கப் பிணையின் கோரமான நகல் அது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி மின்வழிக் கடனுக்கு விதிகள் வகுத்து, தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாதென்றது.

அரசின் கடனும் பெயரில்தான் முட்டிக்கொள்கிறது. 2020 ஜூனில் வந்த பிஎம் ஸ்வநிதி, தெரு வியாபாரிக்கு முதல் கடனாக 10,000 ரூபாயும், மின்வழியில் வாங்கினால் கேஷ்பேக்கும் அறிவித்தது. வியாபாரி என்பவர் தெருவில் நிற்பவர். அடுக்களையில் நிற்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. தெருவில் நிற்பவருக்கும் மும்பையில் வழி சுலபமில்லை. தெரு வியாபாரிகளைப் பற்றிய மாநகராட்சியின் 2014 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 99,000 பேர் விண்ணப்பிக்க, தகுதிப் பட்டியலில் நின்றவர்கள் சுமார் 15,000 பேர். மகாராஷ்டிர வசிப்பிடச் சான்று பலருக்குத் தடையாயிற்று. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரருக்கு முகவரிக் காகிதம் எப்போதும் ஒரு வீடு பின்தங்கியே வரும்.

பக்கத்திலுள்ள, நடுத்தர வர்க்கத்தினர் வாழும் மாட்டுங்காவில் நிலைமை வேறு. அங்கே தயங்குவது பெரும்பாலும் முதியவர்கள், மோசடிக்குப் பயந்து. காகிதம் அவர்கள் பெயரில் இருக்கிறது, வங்கி கூப்பிட்டுப் பேசும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் பெயர், முகவரிச் சிக்கலை இன்னும் இறுக்கக்கூடும். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்ட முடிந்தவருக்கே உள்ளே இலவச வீடு. மேல்தளத்தில் குடியிருப்பவர் தாராவிக்கு வெளியே போக வேண்டும். ஆதாரில் முகவரியை மாற்றிவிடலாம். தவணை தவறமாட்டாள் என்று சொல்லும் அக்கம்பக்கத்தை மாற்றி எழுத முடியாது.

மகாராஷ்டிர அரசு 2024இல் தொடங்கிய லாட்கி பஹீண் திட்டம், மாதம் 1,500 ரூபாயைப் பெண்ணின் கணக்கிலேயே போடுகிறது. பலருக்கு அதனால்தான் கணக்கு முதன்முறையாக உயிர்பெற்றது. ஆனால் 2025 செப்டம்பரில் கொண்டுவந்த இ-கேஒய்சி என்ற மின்வழி அடையாளச் சரிபார்ப்பு, அவள் ஆதாரோடு கணவர் அல்லது தந்தையின் ஆதாரையும் ஓடிபி வழியே சரிபார்க்கச் சொன்னது. இருவரும் இல்லாதவர்களுக்கான தனி வழி பிறகுதான் வந்தது: காகித நகல்களை அங்கன்வாடிப் பணியாளரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.