பரிசுச் சீட்டும் பொதுப்பணியும்



சூதாட்டத்தில் சேரும் பணத்தைக் கொண்டு நற்பணி செய்தல் தகுமா? இவ்வினாவை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டுவரும் நாடு இங்கிலாந்து. அவ்வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

முதலாம் எலிசபெத் அரசியார், துறைமுகங்களைப் பழுதுபார்க்கப் பொருள் வேண்டி, 1567-இல் பரிசுச் சீட்டுத் திட்டத்தை அறிவித்தார். 1569-இல் லண்டனில், தூய பவுல் பேராலயத்தின் வாயிலில் குலுக்கல் நடைபெற்றது. பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கட்டவும், 1753-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அமைக்கவும் பரிசுச் சீட்டுப் பணமே துணைநின்றது. ஆனால் நன்மையோடு தீமையும் வளர்ந்தது. ஏழை மக்கள் சீட்டால் சீரழிவதை 1808-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று எடுத்துரைத்தது. 1826-இல் இறுதிக் குலுக்கலோடு அரசு அதனைக் கைவிட்டது.

168 ஆண்டுகள் கழிந்தன. 1993-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1994 நவம்பர் 19 அன்று தேசியப் பரிசுச் சீட்டின் முதற் குலுக்கல் நிகழ்ந்தது. இம்முறை ஒரு நிபந்தனை இருந்தது. சீட்டின் விலையாகிய ஒரு பவுண்டில் ஏறக்குறைய 28 பென்ஸ் நற்பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. கலை, விளையாட்டு, பழஞ்சின்னங்கள், அறப்பணி முதலியவற்றுக்கு அதனைப் பகிர்ந்தளிக்கத் தனி வாரியங்கள் நியமிக்கப்பட்டன. சிற்றூர் மன்றமோ, முதியோர் சங்கமோ, விளையாட்டுக் கழகமோ தன் தேவையை எழுதி விண்ணப்பிக்கலாம். சில நூறு பவுண்டு மானியமும் உண்டு. இவ்வாறு இதுவரை 5,000 கோடி பவுண்டுக்கு மேல் நற்பணிகளுக்குத் திரண்டுள்ளது.

எனினும் இரண்டு கேள்விகள் எழுந்தன. 1995-இல் லண்டன் அரச இசை நாடக அரங்குக்கு ஐந்து கோடி பவுண்டுக்கு மேல் வழங்கப்பட்டபோது, ஏழையின் சீட்டுப் பணம் செல்வர் பொழுதுபோக்குக்கா என்று மக்கள் கேட்டனர். 1998-இல் சுகாதாரமும் கல்வியும் இந்நிதியில் சேர்க்கப்பட்டபோது, வரிப்பணத்தால் அரசு செய்ய வேண்டிய கடமையைச் சீட்டின் தலையில் சுமத்தலாமா என்று கேட்டனர். இரண்டும் நியாயமான கேள்விகளே.

நம் மாநிலத்திலும் 1968-இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டது; 2003-இல் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடைசெய்யப்பட்டன. அத்தடைக்கு முன்பு நான் ஆசிரியப் பணியிலிருந்தபோது, நன்கு படித்த மாணவன் ஒருவன் திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். வீடு தேடிச் சென்றேன். தந்தையின் வாரக்கூலி முழுவதும் சீட்டுகளாக மாறி, கூரையிடுக்கில் கட்டுக்கட்டாகச் செருகியிருந்தது. மகனோ செங்கற் சூளைக்கு வேலைக்குச் சென்றிருந்தான். அக்காட்சியை நான் இன்றும் மறந்திலேன்.

மானியத்தால் எழுந்த மன்றத்தின் சுவரில் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்படும். தோற்றவர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆதலின், பொதுப்பணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அது எதற்குச் செலவாயிற்று என்பதோடு நில்லாமல், யாருடைய கையிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். வரலாற்றைக் கற்பதன் பயன் அதுவே.