மாதிரிப் புகையிரதமும் பிரயாணிகள் யாட்டின் வரலாறும்

புகையிரத வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தையும் நிலையத்தையுமே விதந்துரைப்பர். இவ்விரண்டுக்கும் அப்பால், பிரயாணியின் கண்ணிற் படாத மூன்றாவது இடமொன்று உண்டு. பயணம் முடித்த பெட்டிகள் கழுவப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, அடுத்த பயணத்துக்கென வரிசைப்படுத்தப்படும் ‘யாட்’ அதுவாகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விடத்துக்குரிய பழைய தொழின்முறை பெரிதும் மறைந்துவிட்டது. அதனை இயக்கிக் காட்டும் வடிவிற் பேணிவருவோர் மாதிரிப் புகையிரதம் அமைப்போரேயாவர். அவர்கள் எதனைப் பேணினர், எதனைத் தவறவிட்டனர் என்பது ஆராயற்பாலது.

1910 இல் பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பனி நியூயோர்க்கின் மான்ஹற்றன் தீவில் தனது பெரு நிலையத்தைத் திறந்தது. 21 பாதைகள் கொண்ட அந்நிலையத்தின் மேடைகள் நகரின் நடுவே நிலத்தின் கீழ் அமைந்தமையால், வெறும் பெட்டிகளை அங்கு நிறுத்திவைத்தல் இயலாததாயிற்று. எனவே கிழக்கு ஆற்றின் அக்கரையில், குவீன்ஸ் பகுதியில், சனிசைட் யாட் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. மேற்கிலிருந்து வந்த வண்டி, பிரயாணிகளை இறக்கியபின் வந்த வழியே திரும்பாது, ஆற்றின் கீழுள்ள சுரங்கத்தினூடாக நேரே யாட்டை அடைந்தது. அங்குள்ள வளையப் பாதையிற் சுற்றி முழு வண்டியும் திசை திரும்பியது. மேடையோ உடனேயே அடுத்த வண்டிக்கு ஒழிந்தது. ஒரு நிலையத்தின் ஆற்றலை மேடைகளின் தொகை மட்டுமன்றி யாட்டின் அமைப்பும் நிர்ணயிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிரயாணிகள் யாட்டின் பணி சரக்கு யாட்டின் பணியினின்றும் வேறானது. சரக்குப் பெட்டிகள் சேரிடம் நோக்கிப் பிரிக்கப்படுவன. பிரயாணிகள் வண்டியோ குறித்த நேரத்தில், குறித்த ஒழுங்கில் மீண்டும் புறப்படவேண்டியது. தபாற் பெட்டியும் பொதிப் பெட்டியும் பொதுவாக முன்னே செல்லும்; இருக்கைப் பெட்டிகள், உணவுப் பெட்டி, படுக்கைப் பெட்டிகள் பின்னே தொடரும். வண்டி வந்து சேர்ந்ததும் தபாற் பெட்டி தபால் மேடைக்கும், உணவுப் பெட்டி பண்டசாலைப் பாதைக்கும், படுக்கைப் பெட்டிகள் துப்புரவுப் பாதைக்கும் கொண்டு செல்லப்படும். இத்தனையும் முடிந்து பெட்டிகள் பழைய ஒழுங்கிற் கோக்கப்பட்டாலன்றி மாலை வண்டி மேடைக்கு வராது.

மாதிரிப் புகையிரதம் இத்தொழின்முறையை எய்தியமை படிப்படியாக நிகழ்ந்ததாகும். 1934 இல் மில்வோக்கி நகரில் ‘மொடல் றெயில்றோடர்’ சஞ்சிகை தோன்றியது. 1944 இல் அச்சஞ்சிகையில் எழுதிய பிராங் எலிசன், மாதிரிப் புகையிரதத்தை நாடகத்துக்கு ஒப்பிட்டார். பாதை அரங்கு, வண்டிகள் நடிகர், நேர அட்டவணையே கதை என்பது அவர் கொள்கை. வட்டப் பாதையில் வண்டியைச் சுற்றவிடுவதோடு அமையாது, நோக்கத்தோடு இயக்கும் முறை இதனால் வலுப்பெற்றது. 1963 இல் வெளிவந்த ஜோன் ஆம்ஸ்ட்றோங்கின் பாதைத்திட்ட நூல், இயக்கத்தையே வடிவமைப்பின் அடிப்படையாகக் கொண்டது.

எனினும் யாட்டைச் சிறிதாக்குதல் எளிதன்று. 1:87 என்னும் எச்.ஓ. அளவுத்திட்டத்தில் 85 அடிப் பெட்டியொன்று ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமாகும். பத்துப் பெட்டி வண்டிக்கு மூன்று மீற்றர் வேண்டும். வளையப் பாதைக்கோ அகன்ற இடம் வேண்டும். ஆகவே அமைப்போர் பெட்டிகளின் தொகையைக் குறைப்பர். வேலையின் ஒழுங்கைக் குறைப்பதில்லை. பெட்டிகளை இழுத்துப் பிரிக்கும் யாட் இயந்திரம் பிரதான பாதையை மறிக்காதிருக்கத் தனிப் பாதை அமைப்பர். மணிக்கூட்டையும் விரைவாக ஓடவிடுவர். ஆறு மடங்கு வேகத்தில் ஒரு நாள் நான்கு மணித்தியாலத்தில் அடங்கும்.

மெய்யான யாட்டுகளிலோ இவ்வேலை அருகியது. 1967 இல் அஞ்சற்றுறை பெரும்பாலான தபாற் பெட்டிகளை விலக்கிக் கொண்டது. 1968 இன் இறுதியில் புல்மன் கம்பனி படுக்கைப் பெட்டிச் சேவையைக் கைவிட்டது. 1971 இல் நகரிடைச் சேவைகளிற் பெரும்பாலானவற்றை அம்ராக் பொறுப்பேற்றபோது எஞ்சிய வண்டிகள் சிலவே. பென்சில்வேனியா நிலையத்தின் மேற்கட்டடமும் 1963 இல் இடிக்கப்படத் தொடங்கியது. அவ்விழப்புக்காகப் பலர் குரலெழுப்பினர். தொழின்முறையின் மறைவோ அத்துணைக் கவனம் பெறவில்லை.

ஆயினும் மாதிரி யாட்டில் ஒரு வெற்றிடம் உண்டு. அங்கு பெட்டிகள் தாமே துப்புரவாகின்றன. படுக்கைகள் தாமே விரிக்கப்படுகின்றன. மெய்யுலகிற் புல்மன் பெட்டிகளிற் பணியாற்றிய ஊழியர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். 1925 இல் ஏ. பிலிப் றன்டோல்ப் தலைமையிற் சங்கம் அமைத்த அவர்கள், கம்பனியோடு முதல் ஒப்பந்தத்தைச் செய்ய 1937 வரை போராட வேண்டியிருந்தது. அவர்களின் உழைப்பே நேர அட்டவணையை மெய்யாக்கியது. ஒரு தொழில் எவ்வாறு நடந்தது என்பதை மாதிரி காட்டும்; யாருடைய உழைப்பால், என்ன கூலிக்கு நடந்தது என்பதை அது காட்டாது. அவ்வினாவை எழுப்புவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.