அரிசி விலையும் கொழுந்துக் கூலியும்

உழவனுக்குக் கட்டுபடியான விலை வேண்டும். உண்பவனுக்கு அரிசி மலிவாய்க் கிடைக்க வேண்டும். இவ்விரண்டையும் சீர்தூக்குவது எந்த அரசுக்கும் எளிதன்று. மலாயாவின் தோட்டப்புறத்தில் அத்தராசு விந்தையான முறையில் பிடிக்கப்பட்டது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கு உழைத்தவருள் தமிழர் பலர். அவர்கள் விளைவித்தது தேயிலை. மலாயாத் தோட்டங்களில் உலையேறியதோ பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி.

அந்நாளில் இந்தியத் தொழிலாளரின் கூலி, விளைபொருளின் விலையைக் கொண்டு மட்டும் அளக்கப்படவில்லை. அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமர்ந்த இந்தியக் குடியேற்றக் குழு, அரிசி, மளிகை, துணி முதலிய செலவுகளைக் கணக்கிட்டு 'நிர்ணயக் கூலி' வகுத்தது. 1920களின் பிற்பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு; போக்குவரத்து அரிதான பகாங் உட்பகுதிகளில் 58, 46. பெண்ணின் பசி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என எந்தக் கணக்கன் கண்டானோ! மேலோட்டமாக நோக்கின் இது நேரிய முறையே. ஆயினும் அரிசி மலிந்தால் அம்மலிவின் பயன் தொழிலாளியின் மடியில் தங்காது; கூலிக் குறைப்பாகி முதலாளியைச் சேரும்.

ரப்பர் விலை சரிந்த 1930இல் அதுவே நிகழ்ந்தது. 50 காசு 40 ஆயிற்று. பின்னர் அதனினும் தாழ்ந்தது. வாழ்க்கைச் செலவு இறங்கியதும் அதற்குரிய நியாயமாகக் காட்டப்பட்டது. 1936 இறுதியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி பழைய கூலியை மீட்கப் பரிந்துரைத்தார். 1937இல் அது மீண்டது. 1938இல் மறுபடியும் குறைந்தது. அவ்வாண்டே இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது.

விடுதலைக்குப் பின் நெல் உழவர்க்கு வேறு வழி பிறந்தது. 1971இல் தேசிய நெல் அரிசி வாரியம் அமைந்தது. நெல்லுக்கு அடிப்படை விலை. கடை அரிசிக்கு உச்ச விலை. இடைவெளிக்கு அரசுப் பணம். 1980இல் அலோர் ஸ்டாரில் உழவர் திரண்டு போராடியதும் இம்மானியத்தை ஒட்டியே.

கொழுந்து பறித்தவர்க்கோ மலிவான அரிசி கிடைத்தது. வருவாய்க்குச் சட்டம் காக்கும் அடித்தளம் கிடைக்கவில்லை. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேசிப் பெற்றதே எல்லை. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கியிருந்தன. கொழுந்துக் கூடையைச் சுமந்தவருள் மிகப் பலர் வெளிநாட்டிலிருந்து புதிதாய் வந்த தொழிலாளர்.