வலுவும் காலமும்: மோட்டார்க் கார்ப் பொறியில் வளியமுக்கிகளின் வரலாறு

ஒரு பொறி எத்துணை வலுவுடையது என்பதை எண்ணாற் கூறிவிடலாம். அவ்வலு வேண்டிய கணத்தில் வந்து சேருமா என்பதை அந்த எண் கூறுவதில்லை. ஒத்த எடையும் ஒத்த பரிவலுவும் கொண்ட இரு கார்களுள் ஒன்று, சாரதியின் பாதம் அசைந்த மாத்திரத்தே முன்னோக்கிப் பாயும். மற்றையது சற்றுத் தயங்கிப் பின்னர் சடுதியாகப் பாயும். காகிதத்தில் இரண்டும் சமம். வளைவொன்றினூடே செல்லும் சாரதிக்கோ அவை இரு வேறு இயந்திரங்கள்.

விளையாட்டுக் கார்களின் வரலாறு பெரும்பாலும் பரிவலு ஏறிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், பொறியினுள் வளியை வலிந்து செலுத்தும் அமுக்கிகள் வளர்ந்த வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, வலுவைப் பெருக்குவதிலும் பார்க்க அதனை உரிய நேரத்திற் பெறுவதே கடினமான பணியாக இருந்தமை புலனாகும். சுப்பர்சார்ஜர், டேர்போசார்ஜர் என்னும் இரு சாதனங்களும் இப்பணிக்கு அளித்த வெவ்வேறு விடைகளையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

அடிப்படைத் தத்துவம்

பெற்றோல் பொறியின் வலு அது எரிக்கும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவோ உருளைகளுட் புகும் வளியின் திணிவைப் பொறுத்தது. ஆகவே, வளிமண்டல அமுக்கத்திலும் கூடிய அமுக்கத்தில் வளியை உட்செலுத்தினால், உருளைகளின் பருமனைக் கூட்டாமலே வலுவைக் கூட்டலாம். இதற்கு ஓர் அமுக்கி வேண்டும். அவ்வமுக்கியைச் சுழற்றுவதற்கு வேண்டிய சக்தியை எங்கிருந்து பெறுவது என்னும் வினாவிலேயே இரு வழிகளும் பிரிகின்றன.

சுப்பர்சார்ஜர் தனக்கு வேண்டிய சக்தியைப் பொறியின் கிராங் தண்டிலிருந்தே பட்டியாலோ பற்சில்லுகளாலோ பெறுகின்றது. பொறி சுழலும்போதெல்லாம் அதுவும் சுழலுமாதலால் வளி காத்திருப்பதில்லை. ஆயினும், பொறி ஆக்கிய வலுவில் ஒரு பகுதியை அது முதலிலேயே எடுத்துக்கொள்கின்றது. டேர்போசார்ஜரோ பொறி வெளியேற்றும் வெப்ப வாயுவினால் ஒரு சுழலிச் சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிற் பூட்டிய அமுக்கியை இயக்குகின்றது. வீணே போகும் சக்தி பயன்படுவதால் இது சிக்கனமானது. ஆனால் சாரதி மிதியை அழுத்தியபின் கூடுதலான வாயு வெளியேறி, சக்கரம் வேகங்கொண்டு, அமுக்கம் உயர்ந்த பின்னரே வலு கூடும். முன்னையது கைக்காசுக்கு வாங்குவது போன்றது. பின்னையது விலை குறைவெனினும் பொருள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியது.

இத்தாமதத்தின் காரணம் எளிய பொறியியலாலே விளங்கும். சுழலும் பொருளின் சக்தி, சுழற்சிக் கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. நிமிடத்துக்கு 30,000 முறை சுழலும் சக்கரமொன்றை 100,000 முறை சுழலச் செய்வதற்கு அதன் சக்தி ஏறத்தாழ 11 மடங்காக வேண்டும். அச்சக்தியை வழங்க வேண்டிய வாயுவோட்டம், தாழ்ந்த கதியிற் பொறி இயங்கும்போது மிகக் குறைவாகவே உள்ளது. சக்கரம் பெரிதாயின் சடத்துவமும் பெரிதாகும், தாமதமும் நீளும்.

தோற்றமும் முதற் பயன்களும்

இரு சாதனங்களும் கார்களுக்கெனத் தோன்றியவையல்ல. ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் உரிமைக்காப்புப் பெற்ற இரட்டைச் சுழலி ஊதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டவே பயன்பட்டது. பொறிக்குள் வளியை வலிந்து செலுத்தும் கருத்துக்கு ஜேர்மனியரான கொட்லீப் டைம்லர் 1885இல் உரிமைக்காப்புப் பெற்றார். கழிவு வாயுவாற் சுழலும் அமுக்கிக்கு அத்தகைய உரிமையை 1905இற் பெற்றவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பியூக்கி ஆவார்.

பியூக்கியின் கருத்து முதலிற் பயன் தந்த இடங்கள் கருத்திற் கொள்ளற்பாலன. 1918இல் சான்போர்ட் மொஸ் என்பார், 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் சிகரத்துக்கு லிபர்ட்டி விமானப் பொறியொன்றைக் கொண்டுசென்று, மெலிந்த வளியிலே குன்றும் வலுவை டேர்போசார்ஜர் மீட்டுத் தருவதைச் செய்து காட்டினார். 1920களின் நடுப்பகுதியில் பிரொய்சன், ஹன்செஸ்டாட் டான்சிக் என்னும் ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் பொறிகள் பியூக்கியின் முறையால் 1750 பரிவலுவிலிருந்து 2500 பரிவலுவுக்கு உயர்ந்தன. கப்பலும் விமானமும் நெடுநேரம் ஒரே கதியில் இயங்குவன. அங்கே ஓரிரு வினாடித் தாமதம் ஒரு பொருட்டன்று. கணத்துக்குக் கணம் வேகத்தை மாற்றும் விளையாட்டுக் காருக்கோ அது பெருங்குறையாகும். டேர்போசார்ஜர் கப்பலேறிப் பல ஆண்டுகள் கழிந்தும் காரில் ஏறாது நின்றமைக்கு இதுவே ஒரு முக்கிய காரணம்.

சுப்பர்சார்ஜரின் பொற்காலம்

எனவே விளையாட்டுக் கார்களின் உலகை முதலில் ஆண்டது சுப்பர்சார்ஜரே. 1921ஆம் ஆண்டின் பேர்ளின் மோட்டார்க் காட்சியில் மெர்சிடீஸ் நிறுவனம் அமுக்கி பூட்டிய கார்களை முன்வைத்தது. இவற்றில் அமுக்கி எந்நேரமும் இயங்குவதில்லை. சாரதி மிதியை முற்றாக அழுத்தும்போது மாத்திரம் அது பொறியுடன் இணைக்கப்படும். 1927இல் வெளிவந்த எஸ் வகைக் கார் 26/120/180 எனக் குறிக்கப்பட்டது. முதலெண் வரிக்கான பரிவலு. இரண்டாவது அமுக்கியின்றியும், மூன்றாவது அமுக்கியுடனும் பெறப்படும் வலு. சாரதியின் பாதத்தின் கீழே இரு வேறு பொறிகள் இருந்தன என்பதை அக்காரின் பெயரே பறைசாற்றிற்று.

பந்தயத் துறையிற் புதுவழி திறந்தது இத்தாலியின் பியற் நிறுவனமாகும். 1923இல் மொன்சாவில் நடைபெற்ற இத்தாலியக் கிறாண்ட் பிறீப் போட்டியிற் கார்லோ சலமானோ ஓட்டிய பியற் 805 வென்றது. சுப்பர்சார்ஜர் பூட்டிய காரொன்று கிறாண்ட் பிறீயில் வென்றது அதுவே முதன்முறை. பிரித்தானியாவிலே டிம் பேர்க்கின் என்னும் பந்தய வீரர் பென்ற்லி 4½ லீற்றர்க் காருக்கு அமுக்கி பூட்டுவித்தார். பொறியின் பருமனைக் கூட்டுவதே நேர்வழி எனக் கருதிய டபிள்யூ. ஓ. பென்ற்லி அதனை விரும்பவில்லை. 1929இலும் 1930இலும் லு மான் 24 மணித்தியாலப் போட்டியில் வென்ற பென்ற்லி கார்கள் அமுக்கியில்லாத 6½ லீற்றர்க் கார்களே.

பென்ற்லியின் ஐயம் இருபதாண்டின் பின்னர் வேறோரிடத்தில் உறுதிப்பட்டது. அல்பா றோமியோ 158, 159 கார்கள் ஒன்றரை லீற்றர்ப் பொறியும் சுப்பர்சார்ஜரும் கொண்டு 1950இலும் 1951இலும் உலகப் பட்டத்தை முறையே பரினாவுக்கும் பஞ்சியோவுக்கும் ஈட்டிக் கொடுத்தன. அவற்றின் துலங்கல் உடனடியானது. ஆனால் கலன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் மாத்திரமே ஓடின. 1951இல் சில்வர்ஸ்டோனில் கொன்சாலெஸ் ஓட்டிய, அமுக்கியில்லாத 4½ லீற்றர் பெராரி அவற்றை வென்றது. வலுவை உடனுக்குடன் பெறுவதற்குக் கொடுத்த விலை அன்று வெளிப்பட்டது.

கிராங் தண்டு சுழற்றும் அமுக்கி யாவும் ஒரே தன்மையின என்றும் கொள்ளலாகாது. பிரித்தானியரின் பீ.ஆர்.எம். வீ16 காருக்கு றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் மையநீக்க அமுக்கியை அமைத்துக் கொடுத்தது. ரூட்ஸ் ஊதி ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த கனவளவு வளியைத் தள்ளுவதால் தாழ்ந்த கதியிலும் பயன்தரும். மையநீக்க அமுக்கி தரும் அமுக்கமோ கதியின் வர்க்கத்தோடு உயர்வது. அதனால் பீ.ஆர்.எம். காரின் வலு தாழ்ந்த கதியில் மெலிந்தும் உயர்ந்த கதியிற் பெருகியும் வந்தது. சில்லு வழுக்கினாற் பொறி மேலும் விரையும்; விரைந்தால் அமுக்கம் மேலும் ஏறும்; ஏறினாற் சில்லு மேலும் வழுக்கும். அக்கார் ஓட்டுதற்கு அரியதென்று பெயரெடுத்ததில் வியப்பில்லை. உடனிணைப்பு மாத்திரம் போதாது, வலு ஏறும் ஒழுங்கும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

டேர்போசார்ஜர் வீதிக்கு வருதல்

டேர்போசார்ஜரைப் பொதுமக்களின் கார்களில் முதலிற் பூட்டியோர் அமெரிக்கர். 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர், செவ்றோலே கோர்வெயார் மொன்சா ஸ்பைடர் ஆகியன வெளிவந்தன. ஜெற்பயர் காரில், கலவை உரிய தருணத்துக்கு முன்னரே வெடிப்பதைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றை உட்செலுத்த வேண்டியிருந்தது. அத்தாங்கியை நிரப்பும் சிரமத்தைப் பலர் ஏற்கவில்லை. அக்கார் ஈராண்டுகளில் மறைந்தது. 1973இல் வந்த பீ.எம்.டபிள்யூ. 2002 டேர்போ எண்ணெய் நெருக்கடியின் வாயில் அகப்பட்டது; 1672 கார்களே ஆக்கப்பட்டன.

இதற்கிடையில் போர்ஷே நிறுவனம் 1972, 1973 ஆண்டுகளில் வட அமெரிக்கக் கான்-ஆம் பந்தயங்களில் 917 வகை டேர்போக் கார்களால் வெற்றி கண்டது. மிகையான வாயுவைச் சுழலியைத் தாண்டி வெளியேவிடும் வால்வினால் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் அனுபவம் அங்கு பெறப்பட்டது. 1975இல் விற்பனைக்கு வந்த 911 டேர்போ அதன் பேறாகும். அதன் 3 லீற்றர்ப் பொறி 260 பரிவலு தந்தது.

இக்காரிலேதான் தாமதம் என்பது வசதிக் குறைவு என்னும் நிலையைக் கடந்து உயிராபத்தாகியது. பொறி பின் அச்சுக்கும் பின்னால் அமைந்தது. எடையின் பெரும்பகுதி பின்புறமே. வளைவினுட் புகும் சாரதி மிதியை அழுத்துவார், வலு வராது. மேலும் அழுத்துவார், வளைவின் நடுவில், சில்லுகள் பக்கவிசையைத் தாங்கி நிற்கும் வேளையில், அமுக்கம் சடுதியாக உயர்ந்து பின்சில்லுகளின் பிடியைக் குலைக்கும். அஞ்சி மிதியை விட்டாலோ எடை முன்னோக்கிச் சாய, பின்புறம் வெளியே வீசும். தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணிக்கத் தெரியாதவருக்கு அக்கார் இரக்கங் காட்டவில்லை.

சுவீடனின் சாப் நிறுவனம் 1977இல் வெளியிட்ட 99 டேர்போவில் வேறு வழி கொண்டது. உச்ச வலுவை நாடாது, சிறிய சுழலியைப் பொருத்தி, நடுத்தரக் கதியிலேயே அமுக்கம் எழுமாறு அமைத்தது. பின்னாளிற் சாதாரணக் கார்களிற் டேர்போசார்ஜர் பரவியது பெரும்பாலும் இவ்வழியைப் பின்பற்றியே எனலாம்.

பந்தயக் களத்தின் படிப்பினை

1977இல் றெனோல்ட் நிறுவனம் போர்முலா 1 போட்டிக்கு ஒன்றரை லீற்றர் டேர்போக் காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி பழுதுற்றுப் புகை கக்கிய அதனை ஆங்கிலேயர் மஞ்சள் தேநீர்க் கேத்தில் என எள்ளினர். அதன் ஒற்றைப் பெருஞ்சுழலிக்குப் பதிலாக 1979இல் இரு சிறு சுழலிகள் பூட்டப்பட்டன. சடத்துவம் குறைந்தது, துலங்கல் விரைந்தது. அவ்வாண்டு டிஜோனிற் ஜபூய் வென்றார். 1983இல் நெல்சன் பிக்கே, பீ.எம்.டபிள்யூ. டேர்போப் பொறியுடன் உலகப் பட்டத்தைப் பெற்றார். 1988ஆம் ஆண்டின் 16 போட்டிகளில் 15இல் ஹொண்டா டேர்போப் பொறி பூட்டிய மக்லாறன் கார்கள் வென்றன. அதன்பின் விதிகள் டேர்போசார்ஜரைத் தடைசெய்தன. அக்காலச் சாரதியர் வளைவு முடியுமுன்னரே மிதியை அழுத்தி, வலு வந்து சேரும் இடத்தை முன்கூட்டியே கணித்து ஓட்டப் பழகினர். பொறியின் குறையை மனிதரின் திறமை ஈடுசெய்தது.

குறையைப் பொறியினுள்ளேயே தீர்க்க முனைந்த துணிவான முயற்சி 1985இல் வந்த லான்சியா டெல்டா எஸ்4 ஆகும். அதன் 1.8 லீற்றருக்குச் சற்றுக் குறைந்த பொறியில் இரு சாதனங்களும் ஒருங்கே பூட்டப்பட்டன: தாழ்ந்த கதியிற் சுப்பர்சார்ஜர், உயர்ந்த கதியிற் டேர்போசார்ஜர். ஹென்றி டொய்வொனன் ஓட்ட, தன் முதற்போட்டியான பிரித்தானிய றாலியிலேயே அது வென்றது. 1986 மே மாதத்திற் கோர்சிக்காவில் அக்கார் பாதையை விட்டு வீழ்ந்து எரிந்ததில் டொய்வொனனும் துணைச் சாரதி செர்ஜியோ கிறெஸ்டோவும் மாண்டனர். விபத்தின் காரணம் ஒருபோதும் நிறுவப்படவில்லை. எனினும், அவ்வகைக் கார்களின் கதி மலைப்பாதைக்கும் மனித ஆற்றலுக்கும் மிஞ்சியதென்ற முடிவுடன், அவ்வாண்டோடு அப்பிரிவு நீக்கப்பட்டது.

இணக்கம்

லான்சியாவின் கருத்து, கோர விளைவுகளினின்று பிரிந்து, 2005இல் வொக்ஸ்வாகன் கோல்ப் காரின் 1.4 லீற்றர்ப் பொறியில் மீண்டும் தோன்றியது. 2006இல் போர்ஷே 911 டேர்போவின் சுழலியிற் கோணம் மாறும் அலகுகள் பொருத்தப்பட்டன. வாயுவோட்டம் குறைந்தபோது வழியை ஒடுக்கி அதன் வேகத்தைக் கூட்டுவது அவற்றின் பணி. இறுதியாக மின்சாரம் துணைக்கு வந்தது. 2014 முதல் 2025 வரை போர்முலா 1 பொறிகளில் டேர்போ அச்சோடு மின்மோட்டார் ஒன்று இணைந்து, வாயுவுக்குக் காத்திராமலே சக்கரத்தைச் சுழற்றியது. 2022இல் மெர்சிடீஸ் ஏ.எம்.ஜி. சீ43, 2024இல் போர்ஷே 911 கறேரா ஜீ.டீ.எஸ். ஆகிய வீதிக் கார்களுக்கும் அம்முறை வந்தது. கழிவுச் சக்தியின் சிக்கனமும் உடனடித் துலங்கலும் ஒரே அச்சிற் சேர்ந்தன.

முடிவாக நோக்குமிடத்து, இவ்விரு சாதனங்களுள் உயர்ந்தது எது என்னும் வினா பொருந்தாத வினா எனலாம். கப்பலுக்கு ஏற்றது மலைப்பாதைக்கு ஏற்றதன்று. சுப்பர்சார்ஜர் வலுவைச் செலவிட்டுக் காலத்தை வாங்கியது. டேர்போசார்ஜர் காலத்தைச் செலவிட்டு வலுவை வாங்கியது. பொறியியலாளர் முதலில் அளந்தது உச்ச வலுவை. சாரதி உணர்ந்ததோ தன் பாதத்துக்கும் பாதைக்கும் இடைப்பட்ட கணத்தை. 911 டேர்போவின் வளைவுகளிற் பலர் கற்ற பாடம் அக்கணத்தைப் பற்றியதே. அதனையும் அளந்து தீர்க்க வேண்டிய கணியமாகப் பொறியியல் ஏற்றுக்கொண்ட பின்னரே டேர்போசார்ஜர் விளையாட்டுக் காருக்கு முற்றிலும் உரியதாயிற்று.